பதினெட்டாம் பெருக்கும் மேட்டூர் மதகும்

நம் பண்டிகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டும். தீபாவளிக்குத் தேய்பிறைச் சதுர்த்தசி, கார்த்திகை தீபத்துக்குக் கிருத்திகை நட்சத்திரம், சொர்க்கவாசல் திறப்புக்கு வளர்பிறை ஏகாதசி. பொங்கலும் சித்திரை முதல் நாளும் மாதப் பிறப்பில் வருபவை. ஆடிப்பெருக்கு மட்டும் இந்தக் கணக்கு எதிலும் சேராது. திதி கிடையாது, நட்சத்திரம் கிடையாது, மாதப் பிறப்பும் இல்லை. ஆடி மாதம் பதினெட்டாம் தேதி, அவ்வளவுதான். ஆங்கில நாட்காட்டியில் அது ஆகஸ்ட் 2 அல்லது 3. பஞ்சாங்கக்காரரைக் கேட்காமல் எந்த வீட்டுப் பெண்ணும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடக்கூடிய பண்டிகை இது.

பதினெட்டு ஏன் என்பதற்கு ஊருக்கொரு விளக்கம் உண்டு. டெல்டாவில் கேட்டால் படித்துறையைக் காட்டுவார்கள்: புதுத் தண்ணீர் பதினெட்டுப் படிகளையும் மூழ்கடிக்கும் நாள் என்று. சேலம் பக்கம் கேட்டால் மகாபாரதப் போர் ஆடி முதல் தேதி தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்பார்கள். இரண்டையும் நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரை. அத்தையைக் கொடுத்தது சேலம் பக்கம். ஒரே ஆற்றின் மேல்கையிலும் கீழ்க்கையிலும் உறவு இருந்ததால், ஒரே நாளை இரண்டு விதமாகக் கொண்டாடிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எந்த விளக்கம் சரி என்ற சண்டையும் வீட்டுக்குள் ஓயாமல் நடந்தது.

என் கருத்தில், விளக்கங்களை விட்டுவிட்டு மழையைப் பார்ப்பது நல்லது. காவிரியை நிரப்புவது நம் ஊர் மழை அல்ல. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையிலும் வயநாட்டிலும் மோதுகிறது. ஹேமாவதி, ஹாரங்கி, லட்சுமண தீர்த்தம், கபினி எல்லாம் பெருகிக் காவிரியில் விழுகின்றன. ஜூலை அங்கே உச்சம். அந்த நீர் கர்நாடகச் சமவெளியைக் கடந்து, ஒகேனக்கல்லில் இறங்கி, பவானியில் இன்னொரு மலைநீரைச் சேர்த்துக்கொண்டு தஞ்சைக்கு வரும்போது ஆடி நடுவாகிவிடும். அப்போது டெல்டாவில் சுட்டெரிக்கும் வெயில். வானத்தில் பொட்டு மேகம் இராது. மழையே இல்லாத ஊருக்குள் நுங்கும் நுரையுமாக ஆறு நுழைவதைப் பார்த்த சமூகம் அதைத் தெய்வமாக்கியதில் வியப்பில்லை. நாள் நம்முடையது, மழை குடகுடையது. இந்தப் பண்டிகையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆற்றின் வரவை விழாவாக்கும் வழக்கம் பழையது. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரையே திரண்டு ஓடியதைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. காவிரிக்கு அகநானூற்றில் பரணர் பாடல்கள் இருக்கின்றன. அங்கே கிடைப்பது வெறும் கொண்டாட்டம் அல்ல. கழார்த் துறையில் கரிகாலன் பார்த்திருக்க நீர்விழா நடக்கிறது. ஆட்டனத்தி என்ற ஆடல்வல்லானைக் காவிரி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவன் மனைவி ஆதிமந்தி கரையோடு அரற்றிக்கொண்டே தேடிப் போகிறாள். மருதி என்பவள் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடலில் மறைகிறாள். ஆதிமந்தியைக் கரிகாலன் மகளென்று சிலப்பதிகாரம் சேர்த்துச் சொல்கிறது. காவிரி விழாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று, விழாவுக்கு வந்தவனை ஆறு கொண்டுபோன கதை என்பதை மறந்துவிடக் கூடாது. எங்கள் அப்பாயிக்கு ஆதிமந்தியைத் தெரியாது. ஆனாலும் ஆடிப் பதினெட்டன்று எங்களை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. "புதுத்தண்ணிக்குக் கண்ணு தெரியாதுடா தம்பி" என்பாள்.

அப்பாயியின் பூசை விடியற்காலையே தொடங்கிவிடும். ஐந்து வகைச் சோறு: சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காய்ப் பல்லும் கலந்த காப்பரிசி தனியாகத் தூக்கில் இருக்கும். ஆற்றங்கரையில் ஒரு முழ இடத்தைச் சாணம் தெளித்து மெழுகி, வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பாள். அவருக்கு முன்னால் விளாம்பழம், நாவல்பழம், பேரிக்காய். கூடவே சீப்பு, சிறு கண்ணாடி, காதோலை கருகமணி. காதோலை என்பது பனையோலையைச் சுருட்டிய சிறு சுருள். கருகமணி சுண்டுவிரலில்கூட நுழையாத குட்டிக் கறுப்பு வளையல். ஆடி பிறந்ததுமே இரண்டும் சேர்த்துக் கட்டிக் கடைத்தெருவில் விற்க வந்துவிடும். பெண்கள் காதில் பனையோலை அணிந்த வழக்கம் ஒழிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. நாம் கைவிட்ட நகையை ஆறு மட்டும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது.

காவிரி அப்போது கர்ப்பிணி, மசக்கைக்காரி. அதனால்தான் புளிப்பும் இனிப்புமாகச் சோறு என்பது எங்கள் பக்க நம்பிக்கை. வளைகாப்புக்குச் செய்வதையெல்லாம் ஆற்றுக்குச் செய்கிறார்கள். திருவரங்கத்தில் இதையே பெரிய அளவில் காணலாம். நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, காவிரித் தாய்க்குப் புடவை, மாலை, வெற்றிலை பாக்கு என்று சீர்வரிசை யானைமேல் வந்து ஆற்றில் விடப்படுகிறது. சீர் கொடுப்பது அண்ணன் முறை என்றும் கணவன் முறை என்றும் இரண்டு பேச்சு உண்டு. அப்பாயி அண்ணன் கட்சி. பிறந்த வீட்டுச் சீர் வராத வருத்தம் அவளுக்கு ஏற்கெனவே இருந்ததால் அந்தப் பக்கம் சாய்ந்தாள் என்பது என் ஊகம்.

பூசை முடிந்ததும் மஞ்சள் கயிறு. பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மணிக்கட்டில். புதுப்பெண்கள் தாலிக்கயிற்றை மாற்றிப் பெருக்கிக் கட்டிக்கொள்வார்கள். கல்யாண மாலையை அதுவரை காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்து அன்றுதான் ஆற்றில் விடுவார்கள். பையன்களுக்கு இதிலெல்லாம் வேலை இல்லை. எங்களுக்குச் சப்பரம். தச்சர் செய்து தரும் சாமிப் படம் ஒட்டிய சிறிய மரத்தேர். சக்கரம் நான்கும் நான்கு திசையைப் பார்க்கும். அதைக் கயிறு கட்டித் தெருப்புழுதியில் இழுத்துக்கொண்டு படித்துறை வரை ஓடுவோம்.

சேலம் அத்தை வீட்டில் ஆடி பிறந்த அன்றே கொண்டாட்டம் தொடங்கிவிடும். அங்கே ஆடி ஒன்று தேங்காய் சுடும் நோன்பு. தேங்காயின் நாரை வழித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து, உள்ளே பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், வெல்லம் நிரப்பி, நீளமான அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தெருவில் மூட்டிய தீயில் வாட்டுவார்கள். ஓடு வெடிக்கும் பதம் வரும்போது எடுத்து, பிள்ளையாருக்குப் படைத்து உடைத்துத் தின்ன வேண்டும். புகைநெடியும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த ருசி எங்கள் தஞ்சாவூர்ச் சமையலில் எதிலும் கிடையாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தைத் தாண்டினால் இந்த நோன்பே கிடையாது என்பதுதான் விந்தை. ஆற்றோடு கீழே இறங்கி வராத வழக்கம்.

பதினெட்டு அன்று அந்தப் பக்கத்து மக்கள் மேட்டூருக்குப் போவார்கள். அரிசிச் சோற்று மூட்டையோடு குலதெய்வத்தின் அரிவாள், சூலம், வேல் எல்லாம் லாரியிலும் டெம்போவிலும் வரும். அவற்றைக் காவிரியில் கழுவிப் பொட்டிட்டுத் திரும்ப எடுத்துப் போகிறார்கள். தலையில் அருகம்புல்லும் காசும் வைத்து முங்கும் வழக்கமும் அங்கே உண்டு. அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாவெட்டு. டெல்டாவில் காவிரி தாய்மைப் பெண். மேட்டூரில் போர் முடித்து வந்தவர்கள் ஆயுதம் கழுவும் துறை. போர் பதினெட்டு நாள் என்ற கதை அத்தை ஊரில் ஏன் நின்றுவிட்டது என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது. சடங்குக்கு ஏற்ற கதையை ஊர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. கதையிலிருந்து சடங்கு பிறப்பது குறைவு.

அரிவாள் கழுவும் அதே இடத்தில்தான் இந்தப் பண்டிகையின் போக்கை மாற்றிய சுவரும் நிற்கிறது. மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பே மைசூரில் கிருஷ்ணராஜசாகர் எழுந்துவிட்டது. 1934-க்கு முன்னால் ஆடி வெள்ளம் தானாக வந்தது. சில ஆண்டு தாமதித்தது, சில ஆண்டு 1924-ஐப் போல ஊரையே அடித்துக்கொண்டு போனது. அணைக்குப் பிறகு தண்ணீர் வருவதற்கு ஓர் உத்தரவு தேவைப்பட்டது. குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் அடைப்பு என்று மரபு ஏற்பட்டது. மரபு என்று பெயரே தவிர, தொண்ணூறு ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணை திறந்தது ஏறத்தாழ இருபது தடவைதான்.

திறப்பு நிகழ்ச்சியைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? அமைச்சர்களும் ஆட்சியர்களும் வரிசையாக நின்று பொத்தானை அழுத்துகிறார்கள், மதகிலிருந்து நீர் சீறுகிறது, உடனே தாம்பாளத்திலிருந்து பூவை அள்ளித் தூவுகிறார்கள். சில நாள் கழித்துத் தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் அங்கேயும் பூவும் நவதானியமும். எந்தக் கட்சி ஆட்சியானாலும் இது மாறியதில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவரும் மதகில் நிற்கும்போது பூத்தூவத் தயங்குவதில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. படித்துறையில் அப்பாயி செய்த காரியத்தை அரசு நெறிமுறையாக எடுத்துக்கொண்டது என்றே பார்க்கிறேன்.

ஆனால் காரியத்தின் திசை தலைகீழாகிவிட்டது. முன்பு தண்ணீர் வந்ததால் பண்டிகை. இப்போது பண்டிகை வருவதால் தண்ணீர். பாசனத்துக்கு அணை திறக்காத ஆண்டுகளிலும், ஆடிப்பெருக்கை முன்னிட்டுச் சில நாளுக்கு மட்டும் மேட்டூரிலிருந்து கூடுதல் நீர் விடுவது பலமுறை நடந்திருக்கிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை, நீராடுவதற்கு உண்டு. விவசாயிகள் இதற்குக் கோபப்பட்டதை நான் அதிகம் கேட்டதில்லை. காலை நனைக்க வந்த தண்ணீர் வாய்க்காலுக்கும் வரும் என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்த நீரும் எட்டாத ஆண்டுகளில் அம்மா மண்டபத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் ஏற்றி, வரிசையாக ஷவர் பொருத்தினார்கள். பரந்த மணல்வெளியை முன்னால் வைத்துக்கொண்டு, புதுத்தாலி கட்டிய பெண்கள் ஷவருக்குக் கீழே நின்று தலையை நனைத்துக்கொண்டார்கள். வயதான ஓர் அம்மாள் குழாய்க்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்ததைப் பார்த்தேன். சிரிப்பதற்கு எதுவும் இல்லை. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எத்தனையோ வீட்டில் இன்று ஆடிப்பெருக்குப் பூசை சமையலறைக் குழாய்க்கும் ஒரு செம்புத் தண்ணீருக்கும்தான் நடக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குவது எல்லாருக்கும் தெரியும். அந்த வீராணத்துத் தண்ணீரைத்தான் 2004 முதல் சென்னை குடிக்கிறது. ஆக, அடையாறு மாடி வீட்டுக் குழாயில் மஞ்சள் பூசுகிறவர்கள் சில நாளாவது உண்மையான காவிரிக்கே பூசுகிறார்கள்.

பாசனத்துக்கு முன் பண்டிகைக்குத் தண்ணீர் என்ற இந்தப் போக்கின் உச்சம் 2017. அந்த ஆடியில் காவிரி வறண்டு கிடந்தது. செப்டம்பரில் மகா புஷ்கரம் என்ற நீராட்டு விழாவுக்கு மயிலாடுதுறையில் லட்சக்கணக்கானோர் கூடவிருந்தார்கள். அதற்காக மேட்டூரிலிருந்து தண்ணீர் விடப்பட்டது. பாசனத்துக்கு அணை முறையாகத் திறந்தது அக்டோபர் 2-ல்தான். சாமி முதலில், சம்பா பிறகு.

2024-ல் எல்லாம் எதிர்மாறு. ஜூன் 12 கடந்தும் திறக்க நீரில்லை. ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் கொட்டியது. ஆடிப்பெருக்கைக் கருதி ஜூலை 28-ல் அணையைத் திறந்தார்கள், 30-ல் அது 120 அடியை எட்டி நிரம்பியது. பிறகு வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் வெளியேற்ற வேண்டியதாகி, பதினெட்டாம் தேதியன்று பல துறைகளில் ஆற்றில் இறங்கவே தடை. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி நின்றார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டிலும் குளிக்க முடியவில்லை, தண்ணீர் நிறைந்த ஆண்டிலும் குளிக்க முடியவில்லை. மேட்டூர் நிரம்பிய அந்த ஜூலை 30-ம் தேதி விடியற்காலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. நம் படித்துறையில் ஐந்து வகைச் சோற்றை அவிழ்க்க வைத்த பருவமழையின் மறுபக்கம் அது.

படித்துறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டுப் படி என்று எண்ணிக் காட்டிய பல துறைகளில் இன்று கடைசிப் படிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆளுயர இடைவெளி இருக்கிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை இறங்கிவிட்டது. அணையையும் அண்டை மாநிலத்தையும் குறை சொல்லும் நாம் இதை மட்டும் வாய்க்குள் முனகிக்கொள்கிறோம். ஆற்றுக்கு வளையல் போட்டவர்களும் மணல் லாரி விட்டவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தானே.

காவிரியின் இன்னொரு விழாவைப் பார்க்க ஓர் ஐப்பசியில் குடகுக்குப் போனேன். மைசூரிலிருந்து மடிக்கேரி, அங்கிருந்து பாகமண்டலா, பிறகு மலைப்பாதையில் தலைக்காவேரி. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்குள் ஒரு சிறு சதுரக் குண்டிகை. அதன் முன்னால் ஒரு குளம். துலா சங்கராந்தி நேரத்தில் அந்தக் குண்டிகையில் ஊற்று பொங்குவதுதான் காவிரி பிறக்கும் கணம் என்பது நம்பிக்கை. பித்தளைச் செம்பும் பிளாஸ்டிக் கேனுமாகக் கூட்டம் முண்டியடித்தது. எனக்கு ஆவல் கோயிலைவிடக் குடகர் வீடுகளில்தான். வயலில் கொடி சுற்றிய கம்பை நட்டுத் தோசை படைக்கிறார்கள். வீட்டில் ஒரு தேங்காய்க்கோ வெள்ளரிக்காய்க்கோ சிவப்புப் பட்டு சுற்றி, நகை பூட்டி, காவேரம்மா என்று கும்பிடுகிறார்கள். பெரியவர் காலில் விழுந்து தீர்த்தம் வாங்கிக்கொள்கிறார்கள். குடகுப் பெண்கள் சேலைக் கொசுவத்தைப் பின்னால் செருகுவதற்குக் காவிரியே காரணமாம். தடுக்க வந்தவர்களை மீறி அவள் பாய்ந்த வேகத்தில் முன்கொசுவம் பின்னால் போய்விட்டது என்று கதை. சேலம் அத்தை தேங்காயைத் தீயில் வாட்ட, மடிக்கேரியில் அதற்குப் பட்டுச்சேலை. அப்பாயி இருந்திருந்தால் மசக்கைக்காரிக்கு எது தேவை என்று ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பாள்.

அங்கே ஐப்பசி பிறந்ததும் அவள் பிறக்கிறாள். இங்கே அதே மாதம் முழுக்க மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் முழுக்கு. மாதக் கடைசியில் கடைமுகம். அதையும் தவறவிட்ட கால் நடக்காத பக்தருக்காக ஈசன் ஒருநாள் நீட்டித்தாராம். அதனால் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. ஊற்றில் விழாவும் கடைமடையில் விழாவும் ஒரே மாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் தண்ணீர்தான். அங்கே தென்மேற்கு மழை ஓய்ந்து ஊற்று தெளிகிறது. இங்கே வடகிழக்கு மழை தொடங்கி ஆறு இரண்டாம் முறை நிறைகிறது. இரு மாநிலத்துக்காரர்களும் வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நிற்கலாம், சௌரமாதக் கணக்கில் ஒரே பக்கம்தான்.

வழக்கு என்றதும் காவிரி நீர்ப் பங்கீட்டு அட்டவணை நினைவுக்கு வருகிறது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய நீரை ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று முடிவு செய்தது. மாதவாரியாகப் பிரித்தால் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76, பிறகு படிப்படியாக இறங்கி ஜனவரியில் 2.76. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் பல பத்தாண்டு நீரளவைப் புள்ளிகளை வைத்து வாதாடிப் போட்ட கணக்கு இது. ஆண்டின் மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்குக்கு மேல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறது. ஆடிப் பதினெட்டு விழுவது அந்த இரண்டு மாதத்தின் நட்ட நடுவில். பற்றாக்குறை ஆண்டில் பங்கை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆறு வராத ஆண்டில் ஐந்து சோறு இரண்டாகும், தயிர்ச்சோறும் புளிச்சோறும் மட்டும். காப்பரிசி குறைந்ததில்லை, அப்பாயிக்குப் பின் பூசை செய்யும் சித்தி இப்போதும் குறைப்பதில்லை.